பொங்கியண்ணன் தோட்டத்து விளக்கு

பொங்கியண்ணனைப் போல ஒரு வீம்புக்காரர் முதலமடையிலேயே கிடையாது என்று ஈஸ்வரன் முடிவுகட்டி மூன்று மாதமாகிறது.

காரணம், பக்கத்து மாந்தோப்பில் அவர் புதிதாகப் போட்டிருந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கு. மாங்காய் அடுக்குகிற கொட்டகை ஒரு பக்கம் இருக்க, விளக்கு பாதையைப் பார்த்து எரிந்தது. இருட்டியதும் போட்டால் ஒன்பது மணிக்கு மேல்தான் அணைப்பார். அதற்குள் ஓரியன் நட்சத்திரக் கூட்டம் மாமரங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும்.

ஈஸ்வரன் சித்தூர் தாலூக்கா ஆபீஸில் கிளார்க். வீட்டுக்கு வந்ததும் கேமராவோடு மொட்டைமாடி ஏறிவிடுவார். ஓரியனுக்குள் சிவப்பாகப் படர்ந்திருக்கிற நெபுலா என்னும் வாயு மேகத்தைப் படமெடுத்து, பாலக்காட்டில் நடக்கிற வானப் படக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும். இரண்டு வருஷம் அனுப்பி, இரண்டு வருஷமும் திரும்பி வந்தது. படம் தெளிவில்லையாம். இந்த வருஷம் கை பழகிய நேரத்தில், படமெல்லாம் சுண்ணாம்பு கரைத்து ஊற்றியது போல வெளுக்க இந்த விளக்கு வந்து சேர்ந்தது. இந்த அமாவாசையையும் விட்டால் ஓரியன் அடுத்த வருஷம்தான்.

"அந்தாளுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு வேண்டாமா? மாங்கா ஒரு பக்கம், வெளக்கு ஒரு பக்கம்!" என்று மனைவி சித்ராவிடம் பொரிந்து தள்ளினார்.

சித்ரா கொல்லங்கோட்டில் நர்ஸ். தை பிறந்ததிலிருந்து அவளுக்கு மாலை டூட்டி. அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது, உடுங்க."

"உனக்கென்ன, நீயா படம் எடுக்கற?"

சனிக்கிழமை பாலக்காட்டுக்கு பஸ் ஏறினார். கேமராக் கடை ஹரிநாராயணனிடம், "வெளிச்சத்தை வெட்டற ஃபில்டர் ஒண்ணு குடுங்க. இருக்கறதுலயே நல்லதா!" என்றார்.

கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரரான ஹரிநாராயணன் அலமாரிப் பக்கமே திரும்பவில்லை.

"உங்காத்துப் பக்கம் என்ன விளக்கு? மஞ்சளா, வெள்ளையா?"

"வெள்ளைங்க."

"அப்போ வாங்காதேங்கோ. பழைய மஞ்ச சோடியம் விளக்குன்னா அது ஏறக்குறைய ஒரே நிறம். ஃபில்டர் அதை மட்டும் நறுக்கி எறிஞ்சுடும். வெள்ளையில எல்லா நிறமும் கலந்திருக்கு. அதை நறுக்கப் போனா நட்சத்திரமும் சேர்ந்து போயிடும்."

விற்க வேண்டியவரே வேண்டாம் என்கிறார். ஈஸ்வரனுக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. கோபம் முழுக்கப் பொங்கியண்ணன் பக்கம் திரும்பியது.

மறுநாள் காலையில் நேராகத் தோப்புக்கே போய்விட்டார்.

"ஏனுங்கண்ணா, அந்த வெளக்கை எட்டு மணியிலிருந்து ஒம்பது வரைக்கும் அணைச்சு வெக்க முடியுங்களா?"

"அது மட்டும் ஆகாதுங்க தம்பி."

"மூணே நாளைக்குங்க."

"ஒரு நாளைக்கும் ஆகாதுங்க."

ஆத்திரத்தில் ஈஸ்வரன் மூன்று வருஷக் கதையையும் கொட்டினார். ஓரியன், கண்காட்சி, ஃபில்டர், வெள்ளை, மஞ்சள், எல்லாம். மாங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த பொங்கியண்ணன் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மஞ்சளா இருந்தா உங்க படம் உழுகுமுங்களா?"

"உழுகுமுங்க."

"செரிங்க" என்றார். அவ்வளவுதான். மறுபடி மாங்காயை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் விளக்கு மஞ்சளாக எரிந்தது. கொட்டகைப் பரணில் கிடந்த பழைய சோடியம் விளக்கைத் துடைத்து, அறுபது வயதில் தானே ஏணி போட்டு ஏறி மாட்டியிருந்தார் மனுஷர். இந்த மனிதரையா வீம்புக்காரர் என்றோம்!

திங்கட்கிழமையே லீவு போட்டு, பாலக்காட்டுக்கு ஓடி ஃபில்டரை வாங்கி வந்தார். அமாவாசையன்று எடுத்த படத்தில் நெபுலா செக்கச்செவேலென்று பூத்து நின்றது. கண்காட்சியில் சேர்த்துக்கொண்டார்கள்.

கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தப் படத்தின் பிரதியோடு தோப்புக்குப் போனார் ஈஸ்வரன்.

"உங்களாலதாங்கண்ணா இது. ஆனா ஒண்ணு கேக்கோணும். ஏணி ஏறி வெளக்கை மாத்துனீங்க. அதுக்கு ஒரு மணி நேரம் அணைச்சு வெச்சிருந்தா உங்களுக்கு இந்தச் சிரமமே இல்லீங்களே?"

பொங்கியண்ணன் துண்டால் படத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் சொல்லலீங்க. எட்டே முக்கால் பஸ்ஸுல எறங்கி உங்க ஊட்டு அம்மணி இந்தப் பாதையிலதானுங்க தனியா நடந்து வருது. தை மாசம் ஒரு கண்ணாடிவிரியன் குறுக்க படுத்திருந்துச்சு. நீங்க அந்நேரத்துக்கு மேல பாத்துட்டிருக்கறீங்க. ஆராச்சும் கீழ பாக்கோணுமில்லீங்க?"