தரையைத் தொடாத துடைப்பம்

உழைப்பையே வழிபாடாகக் கொண்ட ஷேக்கர் என்னும் துறவுக் கூட்டத்தாரின் பொருள்களைப் பாதுகாக்கும் காட்சிசாலை அது. சுவரில் வரிசையாக அடித்த மர முளைகளில் ஒரு நாற்காலி தலைகீழாகத் தொங்கியது. அடுத்த முளையில் ஒரு தட்டைத் துடைப்பம்.

"நாற்காலியை ஏன் மாட்டிவைத்தார்கள்?" என்று வந்தவர்கள் கேட்பார்கள்.

"தரையைத் தடையில்லாமல் பெருக்கத்தான்" என்பாள் காட்சிசாலைக்காரி.

உடனே எல்லோரும் அண்ணாந்து நாற்காலியை வியப்பார்கள். காலடியில் கிடக்கும் குப்பையை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். துடைப்பத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அந்த மூலையைப் பார் அக்கா! நம் துறவுச் சகோதரிகள் இருந்தால் பொறுப்பார்களா?"

"சும்மா இரடி. நாமெல்லாம் இப்போது வரலாறு" என்றது நாற்காலி.

"வரலாறாவது மண்ணாங்கட்டியாவது! ஒரே ஒரு தரம் பெருக்கினால்தான் என் மனம் ஆறும்."

"என்மேல் ஒருவர் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று! நான் புலம்புகிறேனா?"

ஒருநாள் பொறுக்கமுடியாமல் துடைப்பம் முளையிலிருந்து நழுவி, அந்த மூலையிலேயே விழுந்தது. ஆகா, தூசு! ஆசையோடு ஓர் இழுப்பு இழுப்பதற்குள் காட்சிசாலைக்காரி பதறி ஓடிவந்தாள். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பிறந்த குழந்தையைப்போல அதை ஏந்தினாள். மெல்லிய தூரிகையால் நார் நாராகத் தூசு தட்டினாள். இனி விழாதபடி கம்பியால் முளையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

தட்டிய தூசு மெல்ல இறங்கித் தரையில் படிந்தது.

"திருப்திதானே?" என்றது நாற்காலி. "உன்னால் கீழே இன்னும் கொஞ்சம் குப்பை."