துணைக்கு ஒரு ஊசி

"அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க டாக்டர்," என்றாள் தையல்காரி, குரலைத் தாழ்த்தி. அவள் கணவன் வாசலில் நின்று நர்ஸிடம் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

புது டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எதை?"

"அவருக்கு ரத்தப் புற்றுநோய்ங்கறதை. போன மாசம் ரிட்டயர் ஆனாரே, பெரிய டாக்டர், அவர் எனக்கு மட்டும்தான் சொன்னார். எங்க ரெண்டு பேருக்கும் ரத்தசோகைன்னு சொல்லி வீட்டுக்காரரை நம்ப வெச்சிருக்கோம். அவர் பயப்படக் கூடாதுன்னு நானும் பக்கத்துல உட்கார்ந்து ஊசி போட்டுக்கறேன். எனக்குப் போடறது வெறும் சத்து மருந்து."

ஏழு மாதமாக இப்படித்தான். வாராவாரம் இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவார்கள். வீடு திரும்பியதும் அவன் ரேடியோவைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவான். அவளோ தைத்துக்கொண்டிருக்கும்போதே மெஷின்மீது தலை சாய்ந்துவிடுவாள். கவலைதான் தன்னைத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அழ வேண்டுமென்றால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து மறுபடியும் படித்தார். முகம் இறுகியது.

"மன்னிச்சிடுங்கம்மா. நோயாளிகிட்டயே நோயை மறைக்க என்னால முடியாது. இன்னிக்கே சொல்லியாகணும்."

அவள் ஃபைல்மீது கையை வைத்து மறைத்தாள். "பெரிய டாக்டர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கார். நம்ப வெச்சுக் கழுத்தறுக்காதீங்க."

அதற்குள் கணவன் உள்ளே வந்துவிட்டான். கடைசி வார்த்தைகள் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். சிரிப்பு அப்படியே அடங்கியது.

"வேண்டாம் டாக்டர்," என்றான். "இதெல்லாம் பெரிய டாக்டர்கிட்ட நான் பேசி வெச்சதுதான்."

அவள் மெல்லத் திரும்பினாள். "அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை இத்தனை நாள் தவிக்க விட்டீங்களா? ஒளிஞ்சு ஒளிஞ்சு அழுதேனே, அதுவும் தெரியுமா?"

யாருக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடித்தாளோ, அவனே அவளை வேடிக்கை பார்த்திருக்கிறான். இனி இங்கே தனக்கு என்ன வேலை? கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க உட்காருங்கம்மா," என்று டாக்டர் அவள் கையைப் பிடித்தார். பிறகு கணவன் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க வெளியே இருங்க. நான் பேஷண்ட்கிட்ட பேசணும்."