ட்ரயல் ரூம்

"அவளுக்கு நாம தெரிய மாட்டோம். தைரியமாப் பாரு" என்றாள் விஜயலக்ஷ்மி.

மாதவ் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பளீரென்ற வெளிச்சத்தில், அம்மு நின்றிருந்தாள். அம்மாவும் பிள்ளையும் நின்ற பக்கம் கும்மிருட்டு.

செம்பூர் மாலில் மூடிப்போன ஒரு துணிக்கடையைக் கலைக் கண்காட்சி ஆக்கியிருந்தார்கள். அலமாரிகள் காலி. உடுத்திப் பார்க்கிற ட்ரயல் ரூம் மட்டும் அப்படியே இருந்தது. அதன் கதவை எடுத்துவிட்டு, ஆள் உயரத்துக்கு ஒரே கண்ணாடியைக் கதவாகப் போட்டிருந்தார்கள். அதுதான் கண்காட்சி.

தரகர் சுப்ரமணியன் மாமா சொல்லித்தான் வந்தார்கள். "பொண்ணு எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். சொஜ்ஜி பஜ்ஜித் தட்டத் தூக்கிண்டு நாலு பேர் முன்னாடி வந்து நிக்க மாட்டேன்னு பிடிவாதம். வேலை அந்த மால்லதான். கண்காட்சி பாக்கற மாதிரி போய் ஒரு நோட்டம் விட்டுட்டு வாங்கோ. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

மாட்டுங்காவில் டாக்ஸி ஏறும்போதே பேசி வைத்திருந்தார்கள், தமிழில் வாய் திறப்பதில்லை என்று. வாசலில் நின்ற அம்முவிடம் விஜயலக்ஷ்மி, "தோ டிக்கெட், பேட்டா" என்று இந்தியில் கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாவே உள்ள நின்னுக்கலாம்" என்றாள் அம்மு, தமிழிலேயே. சில்லறை எண்ணிக்கொண்டிருந்த விஜயலக்ஷ்மிக்கு அது உறைக்கவில்லை. "இருட்டுல இருக்கறவாளுக்கு வெளிச்சத்துல இருக்கறவா தெரிவா. அவ்வளவுதான் விஷயம். ஷோ முடியற வரைக்கும் கதவு திறக்காது. மூச்சு முட்டினா மணிய அடிங்கோ."

உள்ளே ஒருவர் திரும்பினால் மற்றவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் கைப்பை மாதவின் விலாவில் குத்தியது. கதவுக்கு மேலே ஒரு முழ இடைவெளி. காற்றென்று ஏதாவது வந்தால் அதன் வழியாகத்தான் வர வேண்டும். வெளியே ஒரு குழந்தை ஐஸ்க்ரீம் கேட்டு அழுவது காதருகில் கேட்டது.

"நெறம் கம்மி. போட்டோல ஏமாத்தியிருக்கா" என்றாள் விஜயலக்ஷ்மி. "நடையப் பாரு, பட்டாளத்துக்காரன் மாதிரி."

"நன்னாத்தானேம்மா இருக்கா."

அம்மாவோடு போய்ப் பார்த்த பெண்களில் ஒருத்தி முகமும் அவன் நினைவில் இல்லை. இவள் போட்டோவை மட்டும், லோக்கல் ரயில் நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தினமும் மொபைலில் பார்த்தான். இவள் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

"உனக்கு எல்லாரும் நன்னாத்தான் இருப்பா. இதைவிட நல்ல இடமா வந்துதுன்னா இவாகிட்டயும் அதே பாட்டுதான். ஆத்துக்குப் போய்ச் சொல்றோம்."

அந்த வாக்கியத்தை எத்தனையோ வீட்டு வாசல்களில், செருப்பை மாட்டிக்கொண்டே, மாதவ் கேட்டிருக்கிறான். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது.

திடீரென்று தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. வெளியே கடை இருண்டது. அம்முவைக் காணோம். கண்ணாடியில் அம்மாவும் பிள்ளையும் வியர்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அரே, முகம் பாக்கற கண்ணாடியாயிடுத்தே. நல்லதாப் போச்சு." விஜயலக்ஷ்மி மூக்குத்தியைத் திருகி நேராக்கினாள். பிள்ளையின் காலரை இழுத்துவிட்டாள். விரலில் எச்சில் தொட்டு அவன் புருவத்தைப் படிய வைத்தாள்.

வெளியே யாரோ இருமினார்கள்.

"அம்மா, மணி அடிக்கட்டுமா? மூச்சு முட்டறது."

"டிக்கெட் வாங்கியிருக்கோம், பேசாம நில்லு. ஆமா, அந்தப் பொண்ணோட கண்டிஷன் என்ன? வேலைய விட மாட்டேன், அதுதானே? இப்போ சரின்னு தலைய ஆட்டிடு. கல்யாணம் மொதல்ல ஆகட்டும். அப்புறம் நான் விட வெச்சுக்கறேன். என்ன சொல்றே?"

மணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மாதவ் நிமிர்ந்தான். எதிரே, மூக்கு முட்டும் தூரத்தில், புருவம் படிந்த ஒருவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். 'அது தப்பும்மா' என்று இரண்டு வார்த்தை. அந்த இரண்டையும் அவன் சொல்வானா என்று மாதவ் காத்திருந்தான்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"சரிம்மா" என்றான் மாதவ்.

க்ளிக்கென்று கதவு திறந்தது. காற்று வந்தது. சட்டைக்குள் வியர்வை குளிர, மாதவ் முதலில் வெளியே கால் வைத்தான். இருட்டுக்குக் கண் பழகக் கொஞ்சம் நேரமாயிற்று.

கதவுக்கு நேர் எதிரே ஒரு பெஞ்ச். அதில் அம்முவின் அதே மூக்கோடு ஒரு மாமி, பக்கத்தில் அவள் கணவர். ஓரத்தில் சுப்ரமணியன் மாமா, கூரையைப் பார்த்துக்கொண்டு. மூவர் மடியிலும் காகிதத் தட்டு, பாதி தின்ற பஜ்ஜி.

பெஞ்சுக்குப் பின்னால் நின்ற அம்மு, விஜயலக்ஷ்மியைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"ஆத்துக்குப் போய்ச் சொல்றோம், மாமி."