சறுக்க இடமில்லை

நூலக வாசலில் அந்த அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதல் படியின் உயரத்தை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். அளந்ததைச் சின்ன நோட்டில் குறித்துவிட்டு அடுத்த படிக்கு நகர்ந்தார்.

தூணுக்குப் பின்னால் ஸ்கேட்போர்டை அணைத்தபடி நின்ற ஸ்பிரிங் அதைக் கவனித்தான். பெற்றோர் வைத்த பெயர் வேறு. பலகைமேல் அவன் துள்ளுகிற துள்ளலைப் பார்த்துப் பல்கலைக்கழகமே வைத்த பெயர் இது.

"போன மாசமும் இப்படித்தான் டேப்போட வந்தாங்க," என்று காதைக் கடித்தான் கூட்டாளி சோடாபுட்டி. "மறுநாளே பெஞ்சு, கைப்பிடி, திட்டு எல்லாத்துலயும் இரும்புக் குமிழ் அடிச்சுட்டாங்க. இவங்களும் கட்டடப் பிரிவு ஆளுதான்."

குமிழ் இருந்தால் பலகை சறுக்காது. மீறிச் சறுக்கினால் பல் போகும். மூன்று வருடமாக அலைந்து திரிந்து கண்டுபிடித்த ஒன்பது இடங்களில் எட்டு அப்படித்தான் போயின. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

வேதியியல் கட்டடத்தின் பின்புறம், உடைந்த மேசைகளுக்கு நடுவே ஒரு தகரக் கதவு. அதைத் திறந்தால், ஒரு காலத்தில் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன சரிவுப் பாதை மூன்றாம் மாடி வரைக்கும் வளைந்து வளைந்து ஏறும். கண்ணாடி மாதிரி தரை. லிஃப்ட் வந்ததும் அலுவலகம் அதை மறந்துவிட்டது. அந்த லிஃப்டும் பழுதாகி இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது.

"தம்பி, ஒரு நிமிஷம்." அந்த அம்மா அவனைப் பார்த்துவிட்டார். "இங்க மேடு பள்ளம் எல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படின்னு கேட்டுல காவலாளி சொன்னாரு. நல்லா வழுவழுன்னு, சரிவா இருக்கிற இடமெல்லாம் எனக்குக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

"எதுக்கு மேடம்?"

"சும்மா, தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான்." சொல்லும்போது அவர் எங்கேயோ பார்த்தார்.

சும்மா தெரிந்துகொள்ள வருகிறவர் கையில் டேப் எதற்கு? ஸ்பிரிங் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டான். "வாங்க மேடம், காட்டுறேன்."

காட்டினான். கல் பெயர்ந்து கிடந்த முற்றத்தைக் காட்டினான். மைதானத்தைச் சுற்றிப் போகும் சரளைப் பாதையைக் காட்டினான். கேன்டீனை ஒட்டிய சரிவுக்கும் கூட்டிப் போனான். அது பாதி தூரம் ஒழுங்காக வந்து, நான்கு படிகளில் முட்டி நின்றது.

"இந்தப் படி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"தாவிடுவோம் மேடம்."

"அது இறங்குறப்ப. திரும்ப மேல ஏறணும்னா?"

"பலகையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடந்துடுவோம்."

அந்தப் பதிலை அவர் எழுதவில்லை. பேனாவைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் அந்த நாலு படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "வேதியியல் கட்டடம் பக்கம் ஏதாவது இருக்கா?"

"அங்க ஒண்ணுமே இல்லை மேடம். முன்னாடி படி, பின்னாடி குப்பை."

"நல்லாத் தெரியுமா?"

"மூணு வருஷமா இங்க நான் உருளாத இடம் இல்லை. எனக்குத் தெரியாம ஒரு சரிவு இருக்குமா?"

அவர் நோட்டை மூடினார். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. "உள்ளதை உள்ளபடி சொன்னீங்க. ரொம்ப நன்றிப்பா," என்று சொல்லிவிட்டு அலுவலகத்தை நோக்கி நடந்தார். வந்தபோது இருந்த வேகம் அந்த நடையில் இல்லை.

"பொழைச்சோம்டா," என்றான் சோடாபுட்டி.

"எதுக்கும் என்ன எழுதிக் கொடுக்குறாங்கன்னு பார்த்துட்டு வந்துடுறேன்," என்று ஸ்பிரிங் பின்னாலேயே போனான்.

அவர் கட்டடப் பிரிவைத் தாண்டிப் போனார். மாணவர் சேர்க்கைப் பிரிவின் ஜன்னலில் போய் நின்று, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

எழுத்தர் தாளைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார். "வேதியியல்ல முதல் இடம்மா இது. வேண்டாம்னு எழுதிட்டா திரும்பக் கிடைக்காது. காத்திருக்கிற ஆளுக்குப் போயிடும். யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சுட்டேன் சார்."

முத்திரை விழுந்தது. எழுத்தர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். பெஞ்சில் காத்திருந்த ஒரு மனிதர், தன் மகனின் சான்றிதழ்களை அள்ளிக்கொண்டு ஓடாத குறையாக வந்து ஜன்னலை மறைத்துக்கொண்டார்.

அந்த அம்மா வராந்தா ஓரமாக ஒதுங்கிப் போனை எடுத்தார். இரண்டடி பின்னால், அறிவிப்புப் பலகையைப் படிக்கிற மாதிரி நின்றான் ஸ்பிரிங்.

"இல்லடா கண்ணு, எழுதிக் கொடுத்துட்டேன்... அழாதம்மா. அம்மா நல்லா விசாரிச்சுட்டேன். இங்க மூலை முடுக்கெல்லாம் தெரிஞ்ச பையனையே பிடிச்சுக் கேட்டுட்டேன்."

மறுமுனையில் ஏதோ கேள்வி. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லம்மா, உன் சக்கர நாற்காலியைப் பத்தி நான் வாயே திறக்கலை. தெரிஞ்சா பாவம் பார்த்துப் பொய் சொல்லிடுவாங்க."