சிவப்புப் புள்ளி

“முட்டை மார்க்கா? எனக்கா?” என்று குதித்தார் அப்பா.

“எனக்குப்பா. எழுதினதுதான் நீங்க,” என்றாள் மகள்.

அமெரிக்க ஓவியர் ஒருவரின் படத்தைக் கோடு, நிறம், சமநிலை, தாளம் என்று அலசி எழுதச் சொல்லியிருந்தார் ஓவிய டீச்சர். நேற்று சாப்பிட்டுக்கொண்டே அப்பாதான் ரகசியமாக எழுதிக் கொடுத்தார்.

“படம் முழுக்க நீலமும் சாம்பலும் தூங்கி வழியுது. மூலையில ஒரே ஒரு சிவப்புப் புள்ளி! அதுதான் படத்துக்கே உயிர்னு எழுதினேன். அது புரியாதவங்கல்லாம் ஒரு டீச்சரா?”

“மெதுவா பேசுங்கப்பா.”

“எனக்கென்ன பயம்? நேருக்கு நேரா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன் பாரு!”

“கேளுங்களேன்,” என்றபடி சமையலறையிலிருந்து வந்தாள் அம்மா.

அப்பாவுக்கு வியர்த்தது. “நீ... நீ இன்னும் ஸ்கூல்லேருந்து வரலைன்னு நெனச்சேன்.”

“வந்தாச்சு. என் கிளாஸ்ல எல்லாருக்கும் ஒரே படம்தான் கொடுத்தேன். வேற யாருமே அந்தப் புள்ளியைப் பத்தி எழுதல.”

கட்டுரையோடு ஒட்டியிருந்த படத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“மோந்து பாருங்க. தக்காளி சாஸ்!”