நாம எங்க நிக்கறோம்?

"அந்தாளு சாப்பிடற அழகைப் பாரு ராலி. வயிறு எரியுது!" என்றான் கலோயன்.

ராலிட்சா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே, எதிராளி பொகோமில். ருஸே நகரிலிருந்து வந்தவர், ஐம்பது வயசு. காகிதத்தை மடியில் விரித்து, பனிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

ப்ளோவ்திவ் நகரில் கணினிச் சதுரங்கப் போட்டி, இறுதி ஆட்டம். ஆடுவது புரோகிராம்கள். திரையில் வரும் நகர்வைப் பார்த்துப் பலகையில் காயை வைப்பது மட்டும்தான் மனிதர் வேலை.

ராலிட்சாவும் கலோயனும் மூன்று வருஷம் C மொழியில் எழுதிய புரோகிராம் இறுதி வரை வந்துவிட்டது. பலகையில் மிச்சம் ஆறே காய்கள். இனி யோசிக்கவே வேண்டாம். ஆறு காய்களை வைத்து எப்படி முடிப்பது என்பதெல்லாம் ஒரு ஃபைலில் இருக்கிறது. அதைப் படித்து ஆடினால் கோப்பை கையில்.

ஆனால் திரையில் வந்தது ஒரே வரி: 'ஃபைல் கிடைக்கவில்லை.'

புரோகிராம் குருட்டாம்போக்கில் யானையை நகர்த்தியது.

"போச்சு! இன்னொரு தடவை இப்படி ஆடினா சிப்பாயும் போயிடும்!" என்றான் கலோயன்.

நடுவர் தோச்கா வந்தார். "இப்ப அவர் முறை. அவர் கடிகாரம்தான் ஓடுது. அது வரைக்கும் ஃபைல், ஃபோல்டர் கோளாறை நீங்க சரி பண்ணிக்கலாம். அவர் காயைத் தொட்டதும் கையை எடுத்துடணும்."

"அவர் வேணும்னே இழுத்தடிக்கறார் மேடம்" என்றாள் ராலிட்சா.

"அவர் நேரம், அவர் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார் தோச்கா.

"அந்தாளு புரோகிராம் யோசிக்குது, ராலி. நம்மளை முடிக்க வழி தேடுது. சீக்கிரம்!"

"ஃபைலை எடுத்துட்டு வந்தியா இல்லையா?"

"இதோ இருக்கு! புரோகிராம் பக்கத்துலயே. என் கண்ணால பாக்கறேன்."

"நீ பாக்கறே. அது பாக்கலையே!"

பொகோமில் ஏதோ பாட்டை முனகினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ராலிட்சாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"டேய், நாம ஃபைல் பேரை மட்டும்தானே குடுத்திருக்கோம்? முழுப் பாதையும் குடுக்கலையே?"

"எதுக்கு? பக்கத்துலதானே இருக்கு."

"எதுக்குப் பக்கத்துல? இத்தனை நாள் நம்ம லேப்டாப்ல நாமளே ஆரம்பிச்சோம். இன்னிக்குப் போட்டி நடத்தறவங்க கணினி, அவங்கதான் ஆரம்பிச்சு வெச்சாங்க. எந்த ஃபோல்டர்ல நின்னு ஆரம்பிச்சாங்களோ, அங்கயேதான் அது நிக்கும். அங்கயேதான் தேடும்!"

"அப்ப அது எங்க நிக்குது?"

"அதையே கேட்டுடுவோம்!"

getcwd. தான் நிற்கும் ஃபோல்டரைப் புரோகிராமே சொல்வதற்கான கட்டளை. இரண்டு வரி தட்டினாள். ஓடவிட்டாள்.

பதிலே இல்லை.

"ஊமை மாதிரி நிக்குதே!" கலோயன் தலையைப் பிடித்துக்கொண்டான். "பதில் எழுத எத்தனை எழுத்துக்கு இடம் விட்டே?"

"பதினாறு."

"கடைசியில வர்ற முடிவுக் குறியோட சேர்த்துப் பாதை அதைவிட நீளமா இருந்தா?"

"ஐயோ! இடம் பத்தலைன்னா அது ஒண்ணுமே தராதுடா!"

பதினாறை நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு ஆக்கினாள். மறுபடி ஓடவிட்டாள்.

/srv/arena/start

"நம்ம ஃபோல்டரே இல்லைடீ!" கலோயன் துள்ளிக் குதித்தான். "யார் வீட்டு வாசல்லயோ நின்னுக்கிட்டு நம்ம வீட்டுப் பீரோவைத் தேடியிருக்கு!"

"கத்தாதே. பாதையைச் சொல்லு!"

அவன் எழுத்து எழுத்தாகச் சொன்னான், அவள் அடித்தாள். முழுப் பாதை. மறுபடி ஆரம்பம்.

'ஃபைல் கிடைத்தது.'

"ரெடி!" என்று அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் ராலிட்சா.

பொகோமில் காகிதத்தை மடித்தார். கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார்.

அப்புறம் எல்லாம் மின்னல் வேகம். இவர்கள் பக்கம் கண் சிமிட்டும் நேரத்தில் பதில் வந்தது. அவர் கடிகாரத்தில் மிச்சம் இரண்டே நிமிஷம். பதினெட்டாவது நகர்வில் செக்மேட்!

கலோயன் ராலிட்சாவை அப்படியே தூக்கிச் சுற்றினான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பொகோமில் கை குலுக்க வந்தார். "அபாரம்மா!"

ராலிட்சா கையைத் தொட்டும் தொடாமல் விட்டாள். "அடுத்த தடவை சாப்பிட்டுட்டு வாங்க சார். உயிர் போற நேரத்துல எதிர்ல உக்காந்து மென்னுக்கிட்டு, பாட்டு வேற!"

அவர் முகம் சிவந்தது. "மன்னிச்சுக்கம்மா" என்றார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

தோச்கா ஆட்டக் குறிப்பை நீட்டினார். "அவர் கையெழுத்துப் போட்டாச்சு. நீயும் போடும்மா."

ராலிட்சா பேனாவை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். யானை நகர்வுக்கு அடுத்த வரியில் விரல் நின்றது.

"மேடம், இது தப்பா இருக்கே. அவர் புரோகிராம் பத்தொன்பது நிமிஷம் யோசிச்சுது. நாலு விநாடின்னு போட்டிருக்கு?"

"தப்பில்லையே. நாலே விநாடியில நகர்வு திரையில வந்தாச்சு. காயை வைக்காம உக்காந்திருந்தது அவர்தான். 'உங்க நேரம் போகுதே சார்'னு நானே போய்ச் சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"'குழந்தைங்க ஃபைலைத் தேடுதுங்க மேடம், கிடைக்கட்டும்'னார்."