இன்னும் தேய்

கெய்ரோவில் வடிவமைப்பு மாலை வகுப்பில் மூன்று வாரமாக என் மர மாதிரியைத் தடவிப் பார்த்து, மிர்வத் மேடம் ஒன்றையே சொன்னார்: "சொரசொரங்குது தாஜுத்தீன். இன்னும் தேய்."

நூற்றிருபது, இருநூற்று நாற்பது, நானூறு என மேலும் மேலும் நைசான உப்புத்தாளாக வரிசையாக மாற்றித் தேய்த்தேன். எனக்கு வடிவமைப்பு வராதோ என்ற சந்தேகம் மட்டும் தேயவில்லை.

இன்று என் விசாவின் கடைசி நாள். விசா அலுவலகக் கருவி ஐந்து முறை வைத்தும் என் விரலை ஏற்கவில்லை.

"ரேகையே இல்லையேப்பா! கொத்தனாரா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார், சூடான்லேருந்து வந்து வடிவமைப்பு படிக்கிறேன். மரத்தைத் தேச்சுத் தேச்சுப் போயிடுச்சு."

"ரேகை இல்லாம விசாவை நீட்டிக்க முடியாது, வடிவமைப்பாளரய்யா. அப்படி என்னத்தத் தேச்சீங்க?"

பையிலிருந்து அந்த மர மாதிரியை எடுத்து வைத்தேன். கைரேகைக் கருவிக்கு நான் வடிவமைத்த வெளிக்கூடு.

தடவிப் பார்த்தார்.

"சும்மா சொல்லக் கூடாது, வழுவழுன்னு இருக்கு."